கொடிகாமத்துக்கு

திரையில் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி வயர்.
ஒன்று அலை எழுப்பும், ஒன்று அதைத் தணிக்கும்,
இன்னொன்று 'இப்ப' என்று மட்டும் சொல்லும்.
எண் தெரிந்த மொழி. சத்தம் தெரிந்த மொழி.
எழுத்து வந்தால்
வாசலில் நிற்கவைத்துப் பெயர் கேட்டு அனுப்பிவிடும்.

யூட் நிக்சனுக்கு பஸ் நிலையத்து வேலை கிடைத்திருந்தது.
நாலு ஹோர்ன் ஸ்பீக்கர், ஒரு பழைய கணினி;
ஊர்ப்பெயரை அடித்தால் தானாய்க் கூப்பிட வேணும்.
அவன் தங்கச்சி ஷெரின்
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் சொல்லிப் பதிந்தாயிற்று.
'ஙௌ'வுக்குச் சிரித்துவிட்டாள்,
சிரிப்போடு வைத்திருக்கிறோம்.

"உதுக்கு எழுத்துத் தெரியாதோ?"
"சரம் சேர்க்கவேணும்."
"சாரமோ?"
குனிந்து கட்டியிருந்ததைப் பார்த்தான். நீலக் கட்டம்.
அதில் ஒரு காலை எடு என்றேன்.

கொக்குவிலில் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல் அறை.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் மேசை ஆடும்.
முதற் பெட்டி: நீளம்.
'யாழ்ப்பாணம்' கொடுத்தேன். முப்பத்திமூன்று என்றது;
பைட்டை எண்ணியிருக்கிறது.
திருத்தினேன். பதினொன்று;
காலையும் புள்ளியையும் தனித்தனி ஆளாய் எண்ணியிருக்கிறது.
மூன்றாம் நாள் விடியப்புறம்
ஆறு.
நம்பாமல் நானும் விரல் மடித்தேன்.

வெட்டும் பெட்டி இன்னும் மோசம்.
காரைநகரின் கடைசி எழுத்தைக் கேட்டால்
புள்ளியை மட்டும் சீவி எடுத்து
ஒரு வெறும் வட்டத்தின் தலையில் வைத்துத் தந்தது.
காரைநகர என்று
வாய் மூடாமல் நின்றது ஊர்.

ஒட்டுவது லேசு என்று நினைத்தேன்.
பருத்தித்துறை, க்கு. சரி.
கொடிகாமம், க்கு.
கொடிகாமம்க்கு.
நிக்சன் சிரித்ததில் தேத்தண்ணி விசைப்பலகையில்.
"ஆரடி உப்பிடிக் கதைக்கிறது?"
ஆருமில்லை.
மகரம் போகவேணும், அத்து வரவேணும்.
ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் புள்ளி குறைந்த இடம்;
இப்போது அதையே
'என்றால்', 'இல்லையென்றால்' என்று
ஒரு பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மொழியில் முன்பும் பெயர் வைக்க ஒரு வழி இருந்தது.
குறியீடு என்பார்கள். ஒரு தடவை சொன்னால்
அட்டவணையில் ஏறும். ஏறியது இறங்காது.
கூப்பிட ஆளில்லாவிட்டாலும்
நிரல் ஓடுமட்டும் அங்கேயே இருக்கும்.
குறை, என்று ஆவணத்தில் எழுதினேன்.
என் சரம் அப்படியல்ல. கடைசி வயரும் கழன்றதும்
தன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
அதைச் செய்யும் சார்புக்கு 'விடுவி' என்று பெயர் வைத்தேன்,
பக்கத்தில் வெறும் அடைப்புக்குறி இரண்டு.
பதாகைகளில் மட்டுமே கண்ட சொல்.
விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகு பெயரை மாற்றவில்லை.

விடுவிப்பதற்கும் நேரம் பார்க்கவேணும்.
அறுபத்திநாலு மாதிரிகளுக்கு ஒரு தவணை,
ஒன்றரை மில்லிசெக்கனும் இல்லை;
நடுவில் நினைவகத்தைத் தொட்டால்
ஸ்பீக்கரில் 'டிக்'.
ஆகவே கைவிட்டவற்றை ஒரு ஓரத்தில் சேர்த்து
அலை ஓயும்போது கூட்டுகிறேன்.

காலை ஐந்து நாற்பது. பஸ் நிலையம்.
'கொடிகாமத்துக்குச் செல்லும் பயணிகள்'
என்றாள் ஷெரின், எழுத்தெழுத்தாய், சற்றே தடக்கி.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மரவள்ளிச் சாக்கோடு ஒரு பெண்
கச்சானைக் கொறித்தபடி ஏறினாள்.
அதைவிட எனக்கு என்ன வேணும்?

நிக்சனுக்குப் போதவில்லை. தன் பெயரை அடித்தான்.
ல் எழுதியிருந்தேன், ர் எழுதியிருந்தேன்;
ன் முடிவில் ஊர் எதுவும் பட்டியலில் இல்லை.

'நிக்சன்க்குச் செல்லும் பயணிகள்,'
நாலு ஹோர்னிலும்.
இப்போது எல்லாரும் திரும்பினார்கள்.